முடி வெட்டுதலின் அடிப்படைகள்: அழகுக்கலை மாணவர்களுக்கு

முடி வெட்டக் கற்க வருபவர்கள் முதல் நாளிலேயே கத்தரிக்கோலைக் கையில் எடுக்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் ஒரு வெட்டு நேராக அமைவதும் கோணலாகப் போவதும் பெரும்பாலும் கத்தரிக்கோல் முடியைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எங்கே வகிடு எடுத்தோம், கற்றையை எந்தப் பக்கமாகச் சீவினோம், தலையிலிருந்து எவ்வளவு தூக்கிப் பிடித்தோம், விரலிடுக்கில் எவ்வளவு இறுக்கம் கொடுத்தோம் என்ற நான்குமே வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சீப்பையும் இடக்கை விரல்களையும் பழக்குவதற்குத்தான் தொடக்க மாதங்களின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐ.டி.ஐ. அழகுக்கலைப் பிரிவில் படிப்பவர்களையும், பார்லர்களில் உதவியாளராகச் சேர்ந்து தொழில் பழகுபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நம் ஊர்களில் பெண்கள் அதிகம் கேட்பவை நுனி வெட்டு, நேர் வெட்டு, யூ கட், வி கட், ஸ்டெப், லேயர் என்னும் அடுக்கு வெட்டுகள் ஆகியவை என்பதால் விளக்கங்களும் அவற்றைச் சுற்றியே அமைகின்றன.

தலையும் முடியும்

தலை உருண்டையும் அன்று, தட்டையும் அன்று. அது எங்கே வளைகிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்தால்தான் முடி எங்கே விழும் என்று சொல்ல முடியும். சீப்பைக் காதுக்கு மேலே தலையின் பக்கவாட்டில் தட்டையாக வைத்துப் பாருங்கள். எந்த இடத்திற்கு மேல் தலை சீப்பை விட்டு உள்நோக்கி வளையத் தொடங்குகிறதோ, அதுவே தலையின் மிக அகலமான பகுதி. அதற்குக் கீழே உள்ள முடி நேராகத் தொங்கும். மேலே உள்ள முடியோ வளைவின் மேல் படிந்து கீழுள்ளதை மூடும். அடுத்து, பிடரிக்கு மேலே விரலை ஓட்டினால் பின்மண்டை எலும்பு புடைத்திருப்பது தட்டுப்படும். பாப் கட் போன்ற குட்டை வெட்டுகளில் முடியின் கனம் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்பதை அந்த எலும்பை வைத்தே முடிவு செய்கிறோம். சீப்பை உச்சந்தலையில் கிடையாக வைத்தால் அது தொட்டு நிற்கும் இடம் தலையின் உயர்ந்த புள்ளி. முன்பகுதியையும் பின்பகுதியையும் பிரிக்கும் வகிடு அங்கிருந்துதான் இறங்குகிறது.

உச்சியிலும், நெற்றியோரத்திலும், பிடரியிலும் சுழி இருக்கிறதா என்று முடியை நனைத்த பிறகு பார்க்க வேண்டும். எண்ணெயும் பின்னலும் முடியைப் படிய வைத்திருக்கும்போது சுழி தெரியாது. சுழியுள்ள இடத்தில் முடி வேரிலேயே எழும்பி நிற்பதால், இழுத்துப் பிடித்து வெட்டினால் விட்டவுடன் அது மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும். நெற்றி முடி வெட்டும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அதை உலர்ந்த நிலையில், கேட்ட அளவைவிடச் சற்று நீளமாகவே முதலில் வெட்டிவிட்டுப் பிறகு குறைப்பதே பாதுகாப்பான வழி.

முடியின் அடர்த்தி, ஒவ்வொரு இழையின் தடிமன், நேர் முடியா சுருள் முடியா என்ற தன்மை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. மெல்லிய இழைகள் கொண்ட தலை அடர்த்தியாகவும் இருக்கலாம். தடித்த இழைகள் கொண்ட தலை உச்சியில் வெளிறித் தோல் தெரிவதாகவும் இருக்கலாம்.

ஈரம் முடியின் நீளத்தையே மாற்றிக் காட்டும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன முடியில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் தளர்த்துகிறது; உலரும்போது அவை மீண்டும் சேர்கின்றன. அதனால் ஆரோக்கியமான முடி, ஈரமாக இருக்கையில் இழுத்தால் தன் நீளத்தில் ஏறக்குறையப் பாதியளவு வரைகூட நீண்டு மீளும். உலர்ந்திருக்கையில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளும். ஈரக் கற்றையை விறைப்பாக இழுத்து வெட்டுபவர், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டதற்கு மேல் வெட்டுகிறார். சுருள் முடியில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். ஈரத்தில் கால் அங்குலம் எடுத்தாலும் உலர்ந்து சுருண்டபின் அதைவிடப் பல மடங்கு மேலே ஏறிவிடும். எனவே சுருள் முடியில் இறுக்கமே கொடுக்காமல், நீளத்தைத் தாராளமாக விட்டு வெட்டி, உலர்த்திப் பார்த்துத் திருத்துவதே முறை.

கருவிகள்

முடி வெட்டும் கத்தரிக்கோல்கள் பொதுவாக 5 முதல் 7 அங்குலம் வரை கிடைக்கின்றன. அந்த அளவு அலகின் முனையிலிருந்து விரல் வளையத்தின் முடிவு வரை எடுக்கப்படுவது. சுண்டுவிரல் தாங்கி அதில் சேராது. கற்பவருக்கு ஐந்தரை அல்லது ஆறு அங்குலம் போதும். நீண்ட அலகு சீப்பின் மேல் வைத்து வெட்டும் ஆண்கள் வெட்டுக்கு ஏற்றது. விளிம்பு இரண்டு வகைப்படும். சரிவாகத் தீட்டப்பட்ட விளிம்பு, அதிலும் ஓர் அலகில் நுண்ணிய பற்கள் உள்ளது, முடியை வழுக்கவிடாமல் பிடித்து வெட்டும். நேர் வெட்டு பழகுபவருக்கு இதுவே உதவும். குவிந்து தீட்டப்பட்ட விளிம்பு மிகக் கூர்மையானது, முடியின் மேல் வழுக்கிக்கொண்டே வெட்டும் முறைக்கு உரியது, விலையும் கூடுதல். ஜெர்மனியின் சோலிங்கனும் ஜப்பானின் செகியும் கத்தி, கத்தரிக்கோல் தயாரிப்பில் பெயர்பெற்ற நகரங்கள் என்றாலும், முதல் கத்தரிக்கோலை அங்கிருந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. 440சி போன்ற நல்ல எஃகில் செய்யப்பட்டு, உங்கள் கைக்குப் பொருந்துவதாக இருந்தால் போதும்.

வாங்கும்போதும் நாள்தோறும் வேலையைத் தொடங்குமுன்னும் திருகின் இறுக்கத்தைச் சோதியுங்கள். மோதிர விரல் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் பக்கத்து அலகை நன்கு விரித்து விடுங்கள். அது சிறிது தூரம் தானே இறங்கி, முழுவதும் மூடுவதற்கு முன் நிற்க வேண்டும். சட்டென்று மூடிக்கொண்டால் திருகு தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் அலகுகள் முடியை வெட்டாமல் மடித்து நசுக்கும். அசையாமல் நின்றால் இறுக்கம் அதிகம். அது அலகையும் தேய்க்கும், உங்கள் கட்டைவிரல் மூட்டையும் நோகச் செய்யும். இடக்கைப் பழக்கமுள்ள மாணவர்கள் இடக்கைக்கென்றே செய்யப்பட்ட கத்தரிக்கோலைத்தான் வாங்க வேண்டும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், கட்டைவிரல் கொடுக்கும் அழுத்தம் அலகுகளை ஒன்றோடொன்று சேர்ப்பதற்குப் பதிலாக விலக்கிவிடும். பொறுத்துக்கொண்டு பழகச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். முடி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதமோ நூலோ வெட்டுவது, அதைக் கீழே போடுவது இரண்டும் விளிம்பைக் கெடுக்கும்.

ஒரு பாதியில் நெருக்கமான பற்களும் மறு பாதியில் அகன்ற பற்களும் கொண்ட கட்டிங் சீப்பு, வகிடு எடுக்க வால் சீப்பு, சிக்கெடுக்க அகன்ற பல் சீப்பு, பகுதிகளை ஒதுக்கி நிறுத்த நான்கைந்து கிளிப்புகள், தண்ணீர் ஸ்ப்ரே, கழுத்தில் சுற்றும் பட்டை, போர்வை ஆகியவை அன்றாடத் தேவைகள். முடியின் கனத்தைக் குறைக்க உதவும், ஒரு பக்கம் பற்கள் உள்ள தின்னிங் கத்தரிக்கோலை நேர் வெட்டு கைவந்த பிறகு வாங்கினால் போதும். முடி வெட்டும் மெஷினைப் பொறுத்தவரை, எவ்வளவு நீளம் விட வேண்டும் என்பதற்காக அதில் மாட்டும் சீப்பு போன்ற கார்டுகளின் (guard) எண்களையும் அளவையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1 என்பது சுமார் 3 மி.மீ., 2 என்பது 6, 3 என்பது 10, 4 என்பது 13. பெரிய எண்ணில் தொடங்கிச் சிறிய எண்ணுக்கு இறங்க வேண்டுமே தவிர, ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது.

சுத்தம் குறித்து விட்டுக்கொடுக்க இடமில்லை. ஒவ்வொருவருக்கும் பின் சீப்பிலும் கிளிப்பிலும் ஒட்டிய முடியை நீக்கி, சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினிக் கரைசலில் முழுதும் மூழ்கும்படி, அதன் புட்டியில் குறிப்பிட்ட நேரம் வரை வைக்க வேண்டும். அது பெரும்பாலும் 10 நிமிடம். கத்தரிக்கோலைத் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலால் சுத்தம் செய்து, உலர்த்தி, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சவரக்கத்தியில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடுதான். ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை ரத்தத்தின் வழியே பரவக்கூடியவை என்பதால், உங்கள் விரலோ வாடிக்கையாளரின் காதோ வெட்டுப்பட்டால் உடனே வேலையை நிறுத்தி, காயத்தைக் கழுவிக் கட்டி, கையுறை அணிந்து, பட்ட கருவியைக் கிருமிநீக்கம் செய்த பின்னரே தொடர வேண்டும். தலையில் பேன் ஊர்வதைக் கண்டால் வெட்டத் தொடங்காதீர்கள். மற்றவர் காதில் விழாதபடி அவரிடம் சொல்லி, சரியானபின் வரச் சொல்லுங்கள். பயன்படுத்திய சீப்பைத் தனியே ஒதுக்குங்கள்.

முதலில் பேசுங்கள்

"நுனி மட்டும் எடுங்க" என்பது நம் பார்லர்களில் தினமும் கேட்கும் சொல். ஒருவருக்கு நுனி என்பது அரை அங்குலம், இன்னொருவருக்கு மூன்று அங்குலம். ஆகவே வாயால் சொன்ன அளவோடு நிறுத்தாமல், ஒரு கற்றையை முன்னால் கொண்டுவந்து, வெட்டப்போகும் இடத்தை விரலால் பிடித்துக் கண்ணாடியில் காட்டி ஒப்புதல் பெறுங்கள். தலைமுடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர், அதாவது அரை அங்குலம் வளர்கிறது. இரண்டு அங்குலம் அதிகமாகப் போனால் அது திரும்பி வர நான்கு மாதம் ஆகும் என்ற கணக்கு எப்போதும் நினைவில் இருக்கட்டும்.

அவர் முடியை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். தினமும் பின்னல் போட்டுப் பூ வைப்பவருக்கு நேர் வெட்டு ஜடையின் முனையைக் கனமாகக் காட்டும். வி கட் முனையை மெலிந்து வால்போல் ஆக்கும். லேயர் வெட்டினால் குட்டை முடிகள் பின்னலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இதை முன்கூட்டியே சொல்வது உங்கள் கடமை. படத்தைக் காட்டி அதே வெட்டு வேண்டும் என்று கேட்பவரிடம், அந்தப் படத்திலுள்ளவரின் முடித் தன்மை தனக்கும் இருக்கிறதா என்பதைச் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவிய முடியை அப்படியே வெட்டாதீர்கள். எண்ணெய் இழைகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்து உண்மையான அடர்த்தியை மறைக்கும். கற்றை விரலிலிருந்து நழுவும். ஷாம்பூ போட்டு அலசி, துண்டால் ஒற்றி, நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலேறிச் சிக்கெடுங்கள்.

கையும் உடலும்

மோதிர விரலைச் சிறிய வளையத்திலும், கட்டைவிரலின் நுனியை மட்டும் மற்ற வளையத்திலும் வையுங்கள். கட்டைவிரல் மூட்டுவரை உள்ளே போனால் கத்தரிக்கோல் முழுவதும் அசையும். மோதிர விரல் பக்கத்து அலகு அசையாமல் நிற்க, கட்டைவிரல் பக்கத்து அலகு மட்டுமே திறந்து மூட வேண்டும். இதைக் கண்ணாடி முன் நின்று, முடி எதுவும் இல்லாமல், வெறும் காற்றில் பழகுங்கள். சீவும்போது கட்டைவிரலை வெளியே எடுத்து, அலகுகளை மூடி, கத்தரிக்கோலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் சீப்பைப் பிடியுங்கள். வெட்டும் நேரத்தில் சீப்பு இடக்கைக்கு மாறும். இந்த மாற்றம் சிந்திக்காமல் நடக்கும் வரை பழக வேண்டும், ஏனெனில் திறந்த அலகோடு சீவும் பழக்கம்தான் காதுகளில் காயம் உண்டாக்குகிறது.

கற்றையை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து, விரலின் இரண்டாவது கணுவைத் தாண்டி வெட்டாதீர்கள். அதற்கு அப்பால் விரல்கள் முடியை ஒரே சீராகப் பிடிப்பதில்லை; அங்கே தோலும் அலகின் வழியில் வந்து நிற்கும். வெட்டும் இடத்திற்கு நேர் எதிரே நில்லுங்கள். நாற்காலியின் உயரத்தை மாற்றிக்கொண்டு, தாழ்ந்த இடத்தில் வெட்டும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். பத்து ஆண்டுகள் இத்தொழிலில் நிற்க வேண்டியவரின் முதுகும் மணிக்கட்டும் முதல் மாதத்துப் பழக்கத்தைப் பொறுத்தவை.

நேர் வெட்டு

எல்லா முடியும் ஒரே கோட்டில் முடியும் இந்த வெட்டு பார்க்க எளிது. ஆனால் தவறு இம்மியளவு இருந்தாலும் இதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதனாலேயே இது முதல் பாடமாக இருப்பது பொருத்தம்.

வாடிக்கையாளர் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து நிமிர்ந்து உட்கார வேண்டும். கால்மேல் கால் போட்டால் இடுப்பு சாயும், அதோடு தோளும் சாயும், நீங்கள் நேராக வெட்டிய கோடு அவர் எழுந்தவுடன் கோணலாகும். முடி இடுப்புக்குக் கீழே இருந்தால் அவரை நிற்க வைத்து, நீங்கள் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டுவது நல்லது. நெற்றியின் நடுவிலிருந்து பிடரி வரை ஒரு நடு வகிடும், தலையின் உயர்ந்த புள்ளியிலிருந்து இரு காதுகளின் பின்புறத்திற்கு ஒவ்வொரு வகிடும் எடுத்தால் நான்கு பகுதிகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் முறுக்கிக் கிளிப் போடுங்கள். வகிடுகள் நேராகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். கலைந்த வகிடு கலைந்த வெட்டையே தரும்.

பிடரியில், இரண்டு பின்பகுதிகளின் அடியிலிருந்தும் ஒரு சென்டிமீட்டர் அளவு கிடை வகிடு எடுத்து முடியை இறக்குங்கள். தலை நிமிர்ந்தே இருக்கட்டும். கழுத்தளவு வெட்டில் மட்டும் சிறிது குனியச் சொல்லலாம். வேரிலிருந்து நுனிவரை சீவி, விரல்களைத் தரைக்கு இணையாக, முதுகோடு ஒட்டியபடி வைத்து, நடுவில் முதலில் வெட்டுங்கள். பிறகு வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். இந்த முதல் வரிதான் கைடு லைன், அதாவது மற்ற வரிகளுக்கு வழிகாட்டும் கோடு. இதை எழுந்து, தள்ளி நின்று, முழங்காலை மடக்கிக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பாருங்கள். இது கோணலாக இருந்தால் மேலே வரும் ஒவ்வொரு வரியும் கோணலாகத்தான் இருக்கும்.

அடுத்த கிடை வகிட்டை இறக்குங்கள். புதிய முடியின் ஊடே அடியிலுள்ள கைடு லைன் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வகிடு தடிமனாக எடுத்திருக்கிறீர்கள். பாதியை மீண்டும் கிளிப்பில் சேருங்கள். நம் பெண்களின் அடர்ந்த முடியில் அரை சென்டிமீட்டர் வகிடுகூடத் தேவைப்படலாம். அவசரம் வெட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கைடு லைன் கண்ணுக்குத் தெரியாமல் ஊகத்தில் வெட்டிய ஒரு வரி, அடுத்தடுத்த எல்லா வரிகளுக்கும் பொய்யான வழிகாட்டியாகிவிடும்.

முடியைத் தூக்காதீர்கள். விரலின் தடிமன் அளவு முடியைத் தலையிலிருந்து விலக்கிப் பிடித்தாலும், மேல் வரி கீழ் வரியைவிடச் சற்றே குட்டையாகி, நுனி கூர்மையான கோடாக நில்லாமல் மெல்லிய சரிவாக மாறும். தூக்காமல் வெட்ட விரலுக்குப் பதில் சீப்பையே பயன்படுத்தலாம். அகன்ற பற்களால் சீவி, சீப்பை அப்படியே கிடையாக நிறுத்தி, அதற்குக் கீழே வெட்டினால் இறுக்கமும் குறையும்.

பக்கவாட்டுக்கு வரும்போது காது குறுக்கிடுகிறது. காதின் மேல் படியும் முடியை இழுத்து வெட்டினால், விட்டவுடன் காதின் புடைப்பு அதை மேலே தள்ளி அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழும். ஆகவே காதுக்கு மேலே சீப்பின் பின்புறத்தால் முடியை மெல்லத் தட்டித் தளர்த்திவிட்டு, இறுக்கமின்றி, விழுந்தபடியே வெட்டுங்கள். காதுக்குப் பின்னுள்ள வெட்டிய முடியில் ஒரு சிறு பகுதியைச் சேர்த்துப் பிடித்தால் முன்பகுதிக்கு அதுவே வழிகாட்டும். இரண்டு பக்கமும் முடிந்ததும் முகத்தின் இருபுறமிருந்தும் ஒவ்வொரு கற்றையை முன்னால் இழுத்து, கண்ணாடியைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

யூ, வி

இவற்றின் கணக்கு ஒன்றே: நுனிக்கோட்டை எட்ட எந்த முடி அதிகத் தூரம் பயணம் செய்கிறதோ, அது அதிக நீளமாகத் தங்கும். பின்முடியை முன்னால் கொண்டுவந்து வெட்டினால், முதுகின் நடுவிலிருந்து வரும் முடி தோளைச் சுற்றி வர வேண்டியிருப்பதால் நீளமாகவே எஞ்சும். முகத்தருகே உள்ள முடியோ நேராக இறங்குவதால் குட்டையாக வெட்டப்படும். எல்லாவற்றையும் மீண்டும் முதுகில் போடும்போது நடு தாழ்ந்தும் ஓரங்கள் உயர்ந்தும் யூ வடிவம் கிடைக்கிறது. இப்படி முடியை அதன் இயல்பான இடத்திலிருந்து வேறு பக்கமாக இழுத்து வெட்டுவதைத்தான் ஓவர் டைரக்ஷன் என்கிறோம். மாறாக, எல்லா முடியையும் பின்னால் ஒன்றுசேர்த்து வெட்டினால் முன்முடி நீளமாகத் தங்கும். இந்த ஒரு விதி புரிந்துவிட்டால், பார்க்கும் வெட்டுகளில் பெரும்பாலானவற்றை எப்படிச் செய்திருப்பார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம்.

செய்முறை இது. முதலில் முதுகின் நடுவில் ஒரு மெல்லிய கற்றையை எடுத்து, வடிவத்தின் மிகத் தாழ்ந்த முனை எங்கே இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரோடு முடிவு செய்து அங்கே வெட்டுங்கள். பிறகு நடு வகிடு எடுத்து, அந்தக் கற்றையின் ஒரு பாதி வலப்புறமும் மறு பாதி இடப்புறமும் போகும்படி பிரித்து, இரு பகுதிகளையும் தோளின் முன்னால் கொண்டுவாருங்கள். நடுக் கற்றையின் நுனி முன்பக்கத்தில் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கிருந்து முகத்தை நோக்கித் தரைக்கு இணையாக வெட்டினால் மென்மையான யூ அமையும். முகத்தை நோக்கி மேலேறும் சாய்கோட்டில் வெட்டினால் வளைவு ஆழமாகி வி ஆகும். சாய்வு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு கூர்மை. இரு பக்கமும் ஒரே சாய்வாக இருக்க, கழுத்தெலும்பிலிருந்து முன் நுனிவரை உள்ள தூரத்தைச் சீப்பை வைத்து அளந்து ஒப்பிடுங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தோ திரும்பியோ இருந்தால் இந்த அளவு பொய்யாகிவிடும் என்பதால், வெட்டும் நேரம் முழுதும் அவர் நேரே பார்த்திருக்க வேண்டும்.

அடர்த்தி குறைந்த தலையில் ஆழமான வி வெட்டச் சொல்லிக் கேட்டால், மென்மையான யூ போதும் என்று பரிந்துரையுங்கள். மெல்லிய முடியில் வியின் முனை சில இழைகளாகத் தொங்கிப் பரிதாபமாகத் தெரியும்.

தூக்கிப் பிடிக்கும் கோணம்

கற்றையைத் தலையின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு விலக்கிப் பிடிக்கிறோம் என்பதே கோணம். விலக்காமல் விட்டால் பூஜ்யம். அதுதான் மேலே கண்ட நேர் வெட்டு. 45 டிகிரியில் பிடித்து வெட்டினால் கீழ் முடி குட்டையாகவும் மேல் முடி படிப்படியாக நீண்டும் அடுக்கி உட்கார்ந்து, பின்மண்டைக்கருகே கனம் சேரும். பிடரியில் ஒட்டிப் பின்மண்டையில் எழும்பும் பாப் கட் இவ்வகை. லண்டனின் முடியலங்காரக் கலைஞர் விடல் சசூன் (1928–2012) 1960களில் புகழாக்கிய வெட்டுகள் இந்தக் கோண நுட்பத்தின் மேல் நின்றவை. ரோலரும் ஸ்ப்ரேயும் வைத்து வாராவாரம் முடியை நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், தலையை உதறினாலே தன் வடிவத்தில் வந்து விழும் முடியை அவர் கோணத்தாலும் கோட்டாலும் உண்டாக்கிக் காட்டினார். நாம் இன்று கற்கும் பாடத்திட்டங்களில் அந்தச் சிந்தனை ஆழமாகப் பதிந்திருக்கிறது.

90 டிகிரி என்றால் தலையின் வளைவுக்குச் செங்குத்து. மாணவர்கள் இங்கே வழக்கமாகக் குழம்புகிறார்கள். உச்சியில் 90 டிகிரி என்பது கூரையை நோக்கும். காதருகே பக்கச் சுவரை நோக்கும். பிடரியில் சற்றே தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும். எல்லா இடத்திலும் கூரையை நோக்கித் தூக்குவது 90 டிகிரி அன்று. இந்தக் கோணத்தில், ஏற்கெனவே வெட்டிய கற்றையில் சிறிது எடுத்து அடுத்த கற்றையோடு சேர்த்துக்கொண்டே நகர்ந்தால், தலை முழுதும் ஒரே நீளம் கிடைக்கும். பாய் கட் போன்ற குட்டை முடிக்கு இது அடிப்படை.

நீண்ட முடியில் லேயர் வெட்டும் முறை வேறு. உச்சியில் ஒரு கற்றையை நேர் மேலே தூக்கி வெட்டி, அதை நகராத வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கீழே உள்ள முடிகளை ஒவ்வொன்றாக அந்த இடத்திற்கே தூக்கிக் கொண்டுவந்து வெட்டுகிறோம். பிடரி முடி அவ்வளவு தூரம் ஏறிவர வேண்டியிருப்பதால் பெரும்பாலும் அந்தக் கோட்டை எட்டுவதே இல்லை. அதன் நீளம் அப்படியே இருக்க, மேல் முடி மட்டும் குட்டையாகிப் படிகள் தெரிகின்றன. ஓவர் டைரக்ஷன் விதியேதான் இங்கும் மேலும் கீழுமாக வேலை செய்கிறது. ஆகவே உச்சிக் கற்றையின் நீளத்தை முடிவு செய்யும் அந்த ஒரே வெட்டு மிகுந்த பொறுப்புடையது. அந்தக் கற்றை கீழே விழும்போது தாடைக்குக் கீழாவது வர வேண்டும் என்பது என் பரிந்துரை. அதற்கு மேல் ஏறினால், மெல்லிய முடியில் மேலே ஒரு தொப்பியும் கீழே சில வால்களுமாகத் தனித்தனியே தெரியும்.

கனம் குறைத்தலும் சரிபார்த்தலும்

வடிவம் முடிந்த பிறகே கனத்தைத் தொட வேண்டும். கத்தரிக்கோலின் முனையை நுனிமுடிக்குள் நெடுக்கில் செலுத்திச் சிறு சிறு கொத்துகளாக எடுக்கும் பாயிண்ட் கட்டிங், கடினமான கோட்டை மென்மையாக்கும். தின்னிங் கத்தரிக்கோலை வேரருகே பயன்படுத்தாதீர்கள். அங்கே வெட்டுப்பட்ட குட்டை முடிகள் வளரும்போது விறைத்து நின்று மேல் முடியைத் தள்ளி, குறைக்க வந்த கனத்தையே கூட்டிவிடும். சுருள் முடியிலும் வறண்டு நுனி பிளந்த முடியிலும் சவரக்கத்தியைத் தவிர்ப்பது நல்லது. மற்ற முடியிலும், முடி ஈரமாக இருக்கும்போது மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

சரிபார்க்கும்போது, வெட்டிய வகிட்டுக்கு எதிர்த் திசையில் வகிடு எடுங்கள். கிடையாக எடுத்து வெட்டியிருந்தால் நெடுக்காகவும், நெடுக்காக வெட்டியிருந்தால் கிடையாகவும் தூக்கிப் பார்த்தால் துருத்தும் மூலைகள் தெரியும். பிறகு முடியை உலர்த்தி மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஈரத்தில் மறைந்திருந்த சுழியும் வளைவும் இப்போதுதான் தங்கள் இடத்திற்கு வருகின்றன. இந்தக் கட்டத்தில் எடுப்பது நுனி நுனியாக இருக்கட்டும்.

பொம்மைத் தலையில் பழகும் வரிசை

பயிற்சித் தலை விலை உயர்ந்தது. ஒருமுறை வெட்டிய முடி அதில் வளராது. அதனால் ஒரே தலையில் நீளத்திலிருந்து குட்டைக்கு இறங்கும் வரிசையில் பழகுங்கள். முதலில் வகிடும் பகுதி பிரித்தலும் மட்டும், பல நாள். அடுத்து வி, அதைத் திருத்தி யூ, அதைத் திருத்தி நேர் வெட்டு; இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அங்குலத்திற்கு மேல் செலவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நீண்ட லேயர். அதற்குப் பின் தோளளவில் மீண்டும் நேர் வெட்டு, கழுத்தளவில் 45 டிகிரி பாப், கடைசியில் 90 டிகிரிக் குட்டை வெட்டு, அதன் மேல் சீப்பில் வைத்து வெட்டும் பழக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் முன், பின், இரு பக்கங்கள் என நான்கு படங்கள் எடுத்து, எந்த வகிட்டில் எந்தக் கோணத்தில் வெட்டினீர்கள் என்று அருகில் எழுதி வையுங்கள். பொம்மைத் தலையில் சுழியும், காதின் புடைப்பும், உயிருள்ள தலையின் அசைவும் இருக்காது என்பதால், அங்கே நேர் வெட்டு சீராக வரத் தொடங்கியதும் ஆசிரியர் அருகில் நிற்க, வீட்டிலுள்ளவர்களில் நீண்ட முடியுடைய ஒருவருக்கு அரை அங்குல நுனி வெட்டிலிருந்து தொடங்கலாம்.